பிளாக்குக்கு முந்தின மேஜை

போன வருஷம் ஒரு நாள் காலையில லேப்ல திசுவை மெழுகுல பதிக்கற எம்பெடிங் ஸ்டேஷன்ல உக்காந்து, திசு வர்ற குட்டிப் பெட்டியான கேசட்டை ஒவ்வொண்ணா திறந்துக்கிட்டு இருந்தேன், ஒண்ணைத் திறந்தா உள்ள ஸ்பாஞ்ச் மட்டும்தான் இருக்கு, திசுவைக் காணோம். கூட வந்த கிராஸ் குறிப்புல, அதாவது கண்ணால பாத்து எழுதின விவரத்துல, மூணு துண்டு, பெருசு 0.2 செ.மீ.ன்னு தெளிவா போட்டிருக்கு. 0.2 செ.மீ.ன்னா ஒரு கடுகு. யாரோ ஒருத்தர் முந்தின நாள் ராத்திரியிலேர்ந்து பட்டினி கிடந்து, தொண்டைக்குள்ள குழாய் விட்டுக்கிட்டு, வயித்துலேர்ந்து கிள்ளி எடுக்கக் கொடுத்த கடுகு அது. காணாமப் போச்சுங்க, இன்னொரு தடவை வாங்கன்னு கூப்பிட்டுச் சொல்ற சமாச்சாரமா இது? எதிர்ல 60 டிகிரியில மெழுகு உருகி நிக்குது, எனக்கு மட்டும் கை சில்லுன்னு ஆயிடுச்சு.

ஸ்பாஞ்சை லென்ஸ் வெச்சுப் பாத்தேன். ஃபோர்செப்ஸ் நுனி, மோல்டு, மேஜை, என் கிளவுஸ், எல்லாம் பாத்தாச்சு. கடைசியில கேசட் மூடியைத் திருப்பி வெளிச்சத்துல பிடிச்சா ஓரத்துல இருக்கற ஓட்டைக்குள்ள ரெண்டு துண்டு செருகிக்கிட்டு இருக்கு. மூணாவது கடைசி வரைக்கும் கிடைக்கல. பயாப்ஸி வந்த குப்பியைக் கேட்டு வாங்கி வடிகட்டியும் பாத்தோம். நல்லவேளை அந்த ரெண்டு துண்டுலயே டாக்டருக்கு பதில் கிடைச்சிடுச்சு. அப்புறம் ஒரு விசாரணை மாதிரி நடந்துச்சு, நடைமுறையில கோளாறுன்னு ஒரு ஃபாரத்துல எழுதி ஃபைலை மூடிட்டாங்க, அதோட சரி.

ஆனா எனக்கு மட்டும் அது மூடல. ஆறு வருஷமா ஹிஸ்டாலஜி லேப்ல இருக்கேன். தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்றேன், ஆபரேஷன்லயோ பயாப்ஸியிலயோ எடுக்கற எதுவா இருந்தாலும் திசு கெடாம வெக்கற ஃபார்மலின்ல போட்டு லேபுக்கு வரும், அதை ஒருத்தர் பாத்து, அளந்து, அறுத்து, தேவையான இடத்துலேர்ந்து சின்னச் சின்ன துண்டா எடுத்து பிளாஸ்டிக் கேசட்ல வெப்பாங்க, ராத்திரி பூரா மெஷின்ல ஆல்கஹால், சைலீன், மெழுகுன்னு மாறி மாறி ஊறும், காலையில நாங்க பிளாக்குங்கற மெழுகுக்கட்டியா அச்சு வார்த்து, மைக்ரோடோம்ங்கற சீவற மெஷின்ல 4 மைக்ரான் தடிமனுக்குச் சீவி, தண்ணியில மிதக்க விட்டு, ஸ்லைடுல பிடிச்சு, ஊதா-ரோஸ் சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்ல பாத்து நோயைச் சொல்ற பேத்தாலஜிஸ்ட் டாக்டர் மேஜைக்கு அனுப்புவோம். நம்ம ராஜ்ஜியம் மெழுகுலேர்ந்து ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி அந்த அறுக்கற மேஜையில, கிராஸிங் பெஞ்சுன்னு சொல்லுவோம், என்ன முடிவு எடுத்தாங்களோ அதுதான் எங்களுக்கு வரும்.

இதை ஒரு கணக்காப் போட்டுப் பாருங்க. கேசட்டுக்குள்ள வெக்கற துண்டு சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 3 மில்லின்னா 3000 மைக்ரான், நான் சீவறது 4 மைக்ரான், அப்ப ஒரு துண்டுலேர்ந்து 750 சீவல் எடுக்கலாம். டாக்டர் பாக்கறது அதுல ஒண்ணோ ரெண்டோ. அந்தத் துண்டே ஒரு முழம் நீளக் குடல்லேர்ந்து எடுத்த தபால்தலை சைஸ் பீஸ். மீதி எல்லாம் டப்பாவுல ஃபார்மலின்ல கிடந்து, ரிப்போர்ட் போனதுக்கப்புறம் சில வாரம் கழிச்சு அழிக்கப் போயிடும். மைக்ராஸ்கோப்ல உக்காந்திருக்கறவர் எவ்வளவு பெரிய மேதையா இருந்தாலும் ஸ்லைடுக்கு வராததை அவரால பாக்கவே முடியாது. அப்ப எந்த 3 மில்லிமீட்டர்னு யார் முடிவு பண்றா?

இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுதான், அதை முடிவு பண்ற பேத்தாலஜிஸ்ட்ஸ் அசிஸ்டென்ட்ங்கற வேலைக்கு வந்து நிக்கறேன். வந்து நிக்கறேன்னா சேந்துட்டேன்னு இல்ல, வாசல்ல நின்னு உள்ள எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன். போலாமா வேண்டாமான்னு மனசுக்குள்ள ஓடறதை எல்லாம் ஒரு இடத்துல கொட்டி வெச்சா தெளியுமோன்னுதான் இதை எழுதறேன்.

முதல் தலைவலி பேருதான். சுருக்கி பி.ஏ.ன்னு சொன்னா நம்மாளுங்களுக்கு ரெண்டே அர்த்தம், ஒண்ணு டிகிரி, இல்லன்னா மந்திரிக்குப் பின்னாடி ஃபைல் தூக்கிட்டு ஓடறவர். அமெரிக்காவுல இன்னொரு குழப்பம், அங்க பி.ஏ.ன்னா நோயாளியைப் பாத்து மருந்து எழுதற ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்னு நினைச்சுப்பாங்க. ரெண்டு கூட்டத்தோட சங்கத்துக்கும் சுருக்கப் பேரு ஒரே ஏ.ஏ.பி.ஏ.தான், தேடினா எப்பவும் அவங்கதான் முதல்ல வருவாங்க. அதனால இந்தப் பக்கம் பாத்-ஏன்னு சொல்றாங்க. அம்மாகிட்ட ஃபோன்ல விளக்கிச் சொன்னேன், ஆபரேஷன்ல எடுத்ததை எல்லாம் அறுத்துப் பாத்து விவரம் எழுதற வேலைம்மான்னு. ரெண்டு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம், "ஏன்டி, இதுக்கு ரெண்டு வருஷம் காசு கட்டிப் படிக்கணுமா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

ஆமா, ரெண்டு வருஷம்தான். மாஸ்டர்ஸ். இந்தப் படிப்பு முதல்முதலா 1969ல டியூக் யுனிவர்சிட்டியில ஆரம்பிச்சது, 1972ல அவங்களுக்குன்னு தனியா சங்கம் வந்துச்சு, 2005லேர்ந்து ஏ.எஸ்.சி.பி.ங்கற அமெரிக்க பேத்தாலஜி சங்கம் பரீட்சை வெச்சு சர்டிஃபிகேட் குடுக்குது. முன்னாடி எல்லாம் லேப்ல வேலை பாத்துக்கிட்டே கத்துக்கிட்டவங்க அந்தப் பரீட்சை எழுதலாம்னு ஒரு வழி வெச்சிருந்தாங்க. அதை மூடிட்டாங்க. இப்ப என்.ஏ.ஏ.சி.எல்.எஸ்.ங்கற, லேப் படிப்புகளைச் சரிபாக்கற அமைப்போட அங்கீகாரம் உள்ள படிப்பை முடிச்சாதான் உள்ள விடுவாங்க, அந்தப் படிப்பு இருக்கறது அமெரிக்கா, கனடா ரெண்டு நாட்டுலதான், அதுலயும் ஒரு வகுப்புக்கு எடுக்கறது கொஞ்சம் பேரு. எனக்கு ஆறு வருஷ அனுபவம் இருக்கேன்னு பெருமையா விசாரிச்சேன், நல்லது, விண்ணப்பத்துல எழுதுங்கன்னாங்க. அவ்வளவுதான் அதுக்கு மதிப்பு.

சரி, முதல்ல கண்ணால பாப்போம்னு ஒரு நாள் ஷேடோயிங் கேட்டு வாங்கினேன். நிறைய காலேஜ் இதை எதிர்பாக்கவும் செய்யுது, வேலையைப் பாக்காமலே வந்து சேந்துட்டு மூணாவது மாசம் மயக்கம் போட்டு விழக்கூடாதுன்னு. நான் போனது எங்க லேப் இல்ல, வேற ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்க இருந்த பாத்-ஏ அம்மாவுக்கு ஐம்பது வயசுக்கு மேல இருக்கும், இந்த வேலையில இருபது வருஷத்துக்கு மேல ஆச்சாம். காலால மிதிச்சா ரெக்கார்ட் ஆகற மைக், இடது கையில ஃபோர்செப்ஸ், வலது கையில கத்தி. பேச்சு பாட்டுக்கு ஒரே தொனியில ஓடுது, கை அது பாட்டுக்கு ஓடுது. "நீ எதையும் தொடக்கூடாது, ஆனா என்ன வேணும்னாலும் கேக்கலாம்"னு சொல்லிட்டு ஆரம்பிச்சாங்க.

முதல்ல வந்தது பெருங்குடல் ஒரு பக்கம். கட்டி இருக்குன்னு வெட்டி எடுத்தது. நான் வாழ்க்கையில ஆயிரக்கணக்கான குடல் ஸ்லைடு பண்ணியிருப்பேன், முழுக்குடலை இவ்வளவு பக்கத்துல நிதானமா பாத்தது அன்னைக்குத்தான். வெளியிலேர்ந்து பாத்தா மஞ்சக் கொழுப்பு சுத்தின ஒரு குழாய், ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் உள்ள இழுத்த மாதிரி சுருங்கியிருக்கு. அவங்க அந்தச் சுருக்கத்து மேலதான் முதல்ல மை தடவினாங்க. ஏன்னு கேட்டேன். கட்டி உள்ளேர்ந்து சுவரைத் துளைச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் வந்திருக்குங்கறதும் ஸ்டேஜுக்குக் கணக்கு, வெளிப்பரப்பைத் தொட்டுடுச்சான்னு ஸ்லைடுல பாக்கும்போது இதுதான் உண்மையான வெளி ஓரம், வெட்டும்போது தற்செயலா வந்த ஓரம் இல்லன்னு தெரியணுமே, அதுக்குத்தான் மை. ஸ்லைடு ஓரத்துல கறுப்புக் கோடா, பச்சைக் கோடா அந்த மையை நான் தினம் பாக்கறேன். சில சமயம் மை உள்ள வழிஞ்சு அசிங்கமா இருந்தா திட்டியும் இருக்கேன். அது ஒரு வாக்கியம்னு எனக்குத் தோணினதே இல்ல. இங்கதான் முடியுது, இதுக்கு அந்தப் பக்கம் நோயாளியோட உடம்பு இருந்துச்சுன்னு சொல்ற வாக்கியம்.

அப்புறம் நிணநீர்க் கணு தேடற வேலை. லிம்ஃப் நோட். இதைத்தான் நான் மறக்க மாட்டேன். குடல் கேன்சர்ல குறைஞ்சது 12 கணுவாவது பாத்திருக்கணும், அதுக்குக் கம்மியா பாத்துட்டு எதுலயும் பரவலன்னு சொன்னா அந்தப் பேச்சை முழுசா நம்ப முடியாது. பரவியிருந்தா அது மூணாம் ஸ்டேஜ், கீமோ பேச்சு ஆரம்பிக்கும். ஒரு மனுஷனோட அடுத்த ஆறு மாசம் எப்படிப் போகும்ங்கறது இந்தக் கொழுப்புக்குள்ள இருக்கு. அவங்க கத்தியைக் கீழ வெச்சுட்டாங்க. கொழுப்பைத் துண்டு துண்டா எடுத்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு மெதுவா நசுக்கறாங்க, கண்ணு வேற எங்கயோ சுவத்தைப் பாக்குது. கண்ணால தேடறது பாதிதான், விரலாலதான் தேடணும்ங்கறாங்க. கொழுப்பு நழுவி ஓடிடும், கணு மட்டும் துவரம்பருப்பு மாதிரி விரல்ல நிக்கும். அரை மணி நேரத்துல 9 கிடைச்சுது. அப்புறம் பத்து நிமிஷம் ஒண்ணும் இல்ல. எனக்கே போதும்னு தோணிடுச்சு, கால் வலிக்குது வேற. அவங்க ஏற்கனவே நசுக்கிப் போட்ட குவியலை மறுபடி இழுத்து முதல்லேர்ந்து ஆரம்பிச்சாங்க. 10. 11. 12 வந்ததும் நிறுத்துவாங்கன்னு பாத்தா நிறுத்தல, 14ல நிறுத்தினாங்க. பதிமூணாவது அரிசி சைஸ்தான் இருக்கும். அதையும் அலட்சியமா போடாம முழுசா ஒரு கேசட்ல வெச்சு நம்பர் சொன்னாங்க.

அந்தக் கேஸ் என்னாச்சுன்னு எனக்குத் தெரியாது. அதை அறுத்த அந்த பாத்-ஏ அம்மாவுக்கும் பெரும்பாலும் தெரியாது, ரிப்போர்ட் பேத்தாலஜிஸ்ட் பேர்ல போயிடும்.

இந்த இடத்துலதான் வீட்டுல இவரு கேக்கற கேள்வி வந்து நிக்குது. ரெண்டு வருஷம் படிச்சு, பரீட்சை எழுதி, இவ்வளவும் பண்ணிட்டு கடைசியில கேன்சர்னு ஒரு வார்த்தை நீ சொல்லக்கூடாதுன்னா எதுக்கு, அதுக்கு டாக்டருக்கே படிக்கலாமேன்னு. நியாயமான கேள்வி. பாத்-ஏ டயக்னோசிஸ் சொல்ல மாட்டாங்க, கையெழுத்து பேத்தாலஜிஸ்டோடது. கண்ணால பாத்ததை எழுதலாம், 4.2 செ.மீ., மேடா இருக்கு, நடுவுல புண்ணு, ஓரத்துலேர்ந்து 6 செ.மீ. தூரம், சுவரோட முழுத் தடிமனுக்கும் ஊடுருவின மாதிரி தெரியுதுன்னு. முடிவு சொல்றது இன்னொருத்தர். எனக்கு இதுல குறை தெரியல, ஆனா இவருக்குப் புரியற மாதிரி சொல்லவும் தெரியல. டாக்டருக்குப் படிக்கணும்னா இந்த வயசுல பத்து வருஷத்துக்கு மேல ஓடும், படிச்சு முடிச்சு வந்தா நாள் பூரா ஸ்லைடு. எனக்கு ஸ்லைடு வேண்டாம்ங்க, அது பக்கத்துலதான் ஆறு வருஷமா இருக்கேன். எனக்கு அந்தக் கத்தியும் அந்த விரலும் வேணும்.

வேகமும் பிடிச்சிருந்துச்சு. மத்தியானம் ஃபோன் அடிச்சுது, ஃப்ரோஸன் வருதுன்னு. நோயாளி மயக்கத்துல டேபிள்ல இருக்கும்போதே துண்டு வெட்டி அனுப்புவாங்க, ஓரம் சுத்தமா இருக்கா, இன்னும் வெட்டணுமான்னு கேட்டு. 20 நிமிஷத்துல பதில் போகணும். மெழுகுக்கெல்லாம் நேரம் இல்ல, ஜெல்லுல வெச்சு உறைய வெச்சு மைனஸ் 20 டிகிரி குளிர்ல இருக்கற கிரையோஸ்டாட்ங்கற மெஷின்ல சீவணும். இந்த முறைக்கு ஒரு கதை உண்டு, 1905ல மேயோ கிளினிக்ல வில்லியம் மேயோங்கற சர்ஜன், நோயாளி டேபிள்ல இருக்கும்போதே கேன்சரா இல்லையான்னு சொல்ற மாதிரி ஒரு வழி பண்ணுங்கய்யான்னு அங்க பேத்தாலஜிஸ்டா இருந்த லூயி வில்சன்கிட்ட கேட்டாராம், அவர் உறைஞ்ச திசுவைச் சீவி மெத்திலீன் ப்ளூ சாயம் போட்டுக் காட்டினார். 120 வருஷம் ஆச்சு, அடிப்படையில இன்னமும் அதேதான் பண்றோம். அன்னைக்கு வந்தது தோல் மாதிரி ஒரு துண்டு, ஒரு முனையில நூல் கட்டி, நூல் இருக்கற பக்கம் 12 மணின்னு எழுதி. கடிகாரம் மாதிரி வெச்சுப் பேசுவாங்க, 3 மணிப் பக்கம் நீலம், 9 மணிப் பக்கம் கறுப்புன்னு. அந்தத் திசையை மாத்தி வெச்சா சர்ஜன் நல்ல பக்கத்துல போய் வெட்டிட்டு கெட்ட பக்கத்தை விட்டுடுவார். சீவி, சாயம் போட்டு, டாக்டர் பாத்து, ஃபோன்ல பதில் சொல்லி எல்லாம் 17 நிமிஷம். ஃபோனை வெச்சதும் அவங்க கழுத்தை ரெண்டு பக்கமும் திருப்பி நெட்டி முறிச்சது எனக்குக் கேட்டுச்சு.

கழுத்து. இதைச் சொல்லாம விடக்கூடாது. நாள் பூரா குனிஞ்சபடி நிக்கற வேலை, தோள், மணிக்கட்டு, கட்டைவிரல் எல்லாம் போயிடும்னு அவங்களே சொன்னாங்க. அப்புறம் ஃபார்மலின். எங்க லேப்லயும் வாசனை உண்டு, ஆனா கிராஸிங் பெஞ்சுல முகத்துக்கு ஒரு அடி கீழேயே இருக்கு. அதுல இருக்கற ஃபார்மால்டிஹைடு கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி. 2004ல முதல் வகுப்புல சேத்தாச்சு. கேன்சரைக் கண்டுபிடிக்கற வேலைக்கு கேன்சர் வரவெக்கற சரக்குதான் மூலதனம், வேடிக்கைதான். காத்தைக் கீழ்ப்பக்கமா இழுக்கற மேஜை இருக்கு, சட்டப்படி காத்துல எட்டு மணி நேர சராசரி 0.75 பி.பி.எம். (பத்து லட்சத்துல 0.75 பங்கு) தாண்டக்கூடாதுன்னு அமெரிக்காவுல விதி இருக்கு, மார்ல மாட்டிக்கற பேட்ஜ் வெச்சு அளப்பாங்க. எல்லாம் சரி, அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரெண்டு தடவை தலைக்குக் குளிச்சும் மூக்குக்குள்ள அந்த எரிச்சல் போகல.

இந்த ஃபார்மலின் இல்லாமலும் முடியாது, அது இன்னொரு பக்கம். திசுவுக்குள்ள அது ரொம்ப நிதானமாத்தான் இறங்கும், சுமாரா மணிக்கு 1 மில்லிமீட்டர்னு கணக்கு வெச்சுக்கங்க. பெரிய மார்பகத்தை அப்படியே டப்பாவுல மூழ்க வெச்சுட்டு வீட்டுக்குப் போனா மேல் தோல் மட்டும் பதமாயிருக்கும், நடுவுல இருக்கற கட்டி கெட ஆரம்பிச்சிருக்கும். அதனால வந்தவுடனே மை தடவி, வரிசையா அறுத்து, நடுவுல பேப்பர் செருகி ஊற வெக்கணும். உடம்பை விட்டு வெளிய வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள ஃபார்மலின்ல போகணும், 6 மணி நேரத்துக்குக் குறையாம, 72 மணி நேரத்துக்கு மேல போகாம ஊறணும், இல்லன்னா ஹார்மோன் ரிசப்டர், ஹெர்-2 டெஸ்ட் எல்லாம் தப்பாக் காட்டலாம், அதை வெச்சுத்தான் மருந்தே முடிவாகும். எங்களுக்கு வர்ற சில பிளாக்கு சீவும்போதே நடுவுல பொடிப்பொடியா உதிரும், நான் மைக்ரோடோம் பிளேடைத் திட்டிக்கிட்டு மாத்துவேன். முதல் நாள் சாயங்காலம் எவனோ ஒருத்தன் அறுக்காம வெச்சுட்டுப் போனதுன்னு இப்பத்தான் புரியுது.

கையை வெட்டிக்கறதும் நடக்கும். 1847ல வியன்னாவுல கொலெட்ச்கான்னு ஒரு டாக்டர், பிரேதப் பரிசோதனை நடக்கும்போது மாணவனோட கத்தி விரல்ல பட்டு, அந்தக் காயத்துலேர்ந்து விஷம் ஏறி செத்துப் போனார். அவரோட சாவு அறிக்கையும் பிரசவ வார்டுல செத்துக்கிட்டிருந்த பொம்பளைங்க அறிக்கையும் ஒரே மாதிரி இருக்கேன்னு பாத்துத்தான் அவரோட நண்பர் செமல்வைஸ், எல்லாரும் கையைக் கழுவுங்கடான்னு கத்த ஆரம்பிச்சார். இப்ப கம்பி வலை கிளவுஸ் எல்லாம் இருக்கு, ஆனாலும் மூளை விஷயம் வந்ததும் அந்த பாத்-ஏ அம்மா குரல் மாறிடுச்சு. சி.ஜே.டி.ன்னு மூளையை அழிக்கற ஒரு வியாதி, ப்ரியான் புரதத்தால வர்றது, அது ஃபார்மலினுக்கு அடங்காது. சந்தேகம் இருந்தா ஃபார்மிக் ஆசிட்ல தனியா ஊற வெக்கணும். மத்ததெல்லாம் ஃபார்மலின்ல போட்டா பாதி பயம் போயிடும், இது அப்படி இல்லன்னாங்க.

அடுத்தது பிரேதம். உண்மையைச் சொன்னா எனக்கு இங்கதான் கால் தடுமாறுது. பாத்-ஏ படிப்புல ஆட்டாப்ஸியும் உண்டு, தப்பிக்க முடியாது. ஆஸ்பத்திரி ஆட்டாப்ஸி முன்னாடி அளவுக்கு இப்ப நடக்கறதில்ல, வேலைக்குச் சேந்தப்புறம் சில இடத்துல அது பக்கமே போக வேண்டியதில்லன்னும் சொல்றாங்க, ஆனா படிக்கும்போது பண்ணித்தான் ஆகணும். அன்னைக்கு ஆட்டாப்ஸி எதுவும் இல்ல, அந்த அறையை மட்டும் காட்டினாங்க. ஒரு ஓரத்துல மூடி போட்ட வாளி. உள்ள மூளை, தலைகீழா, அடியில ஓடற ரத்தக்குழாய்க்கு அடியில ஒரு நூலைக் கோத்து வாளி ஓரத்துல கட்டித் தொங்க விட்டிருக்கு. தரையில பட்டா அந்தப் பக்கம் தட்டையாயிடுமாம், அதனால ரெண்டு வாரம் இப்படியே தொங்கணும். சுமார் 1300 கிராம், யாரோட நினைப்போ எல்லாம். நான் நூலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், சாதாரண வெள்ளை நூல், முடிச்சு ரொம்ப நேர்த்தியா போட்டிருந்துச்சு. அந்த முடிச்சைப் போட்டவங்க நிதானமான ஆளுன்னு தோணுச்சு, ஏனோ அதுல கொஞ்சம் பயம் குறைஞ்சுது.

நச்சுக்கொடி வந்தப்பதான் குறைஞ்சதெல்லாம் திரும்ப வந்துச்சு. ப்ளாசென்டா. எடை போட்டு, கொடி எங்க ஒட்டியிருக்குன்னு பாத்து, கொடியைக் குறுக்க வெட்டி ரத்தக்குழாய் மூணு இருக்கான்னு எண்ணி (ரெண்டு தமனி, ஒரு சிரை), சவ்வைச் சுருட்டி ஒரு கேசட்ல வெச்சாங்க. எல்லாம் நிதானமா சொல்லிக் குடுத்துட்டே வந்தாங்க. சீட்டுல 39 வாரம்னு இருந்துச்சு. அதுக்குக் கீழ, குழந்தை வயித்துலயே இறந்துடுச்சுன்னு. நான் படிச்சதை அவங்க பாத்துட்டாங்க. மைக்கை நிறுத்திட்டு, "இந்தக் கேஸுக்கு எல்லாம் நான் வழக்கத்தைவிட ரெண்டு கேசட் கூடுதலா எடுப்பேன், காரணம் தெரிஞ்சா அவங்களுக்குக் கொஞ்சம் தேவலையா இருக்கும்"னு சொன்னாங்க. அப்புறம் மைக்கைப் போட்டு அதே பழைய தொனியில தொடர்ந்தாங்க. எனக்கு அந்தத் தொனி வருமான்னு தெரியல. வரணுமான்னும் யோசிக்கறேன்.

இன்னொரு கவலை, இந்தப் படிப்பு ஊர் விட்டு ஊர் செல்லாது. அமெரிக்கா, கனடா தாண்டினா இந்தப் பட்டத்துக்கு மதிப்பு என்னன்னு கேட்டா முழிப்பாங்க. பிரிட்டன்ல இதே கத்தியை பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்டுங்க தனியா பரீட்சை எழுதிட்டுப் பிடிக்கறாங்க, வேற பல இடத்துல பேத்தாலஜி படிக்கற பயிற்சி டாக்டருங்கதான் ராத்திரி வரைக்கும் நின்னு அறுப்பாங்க. நாளைக்கு வாழ்க்கை வேற நாட்டுக்கு இழுத்துட்டுப் போனா மறுபடி ஹிஸ்டாலஜி லேப்தான். கடன் வேற. இதை எல்லாம் ஒரு நோட்டுல ரெண்டு பக்கமா பிரிச்சு எழுதினேன், வேண்டாம்ங்கற பக்கம்தான் நீளம்.

லேப்ல கூட வேலை பாக்கறவர் ஒருத்தர் வேற பயமுறுத்தினார், இனிமே ஸ்லைடை எல்லாம் கம்ப்யூட்டரே பாக்கப் போகுது, நீ போய் இப்பப் படிக்கறியேன்னு. பாக்கட்டும், நல்லா பாக்கட்டும். ஆனா அந்தக் கொழுப்பை விரல்ல நசுக்கிப் பதினாலாவது கணுவை எடுத்து வெக்காம கம்ப்யூட்டர் எதைப் பாக்கும்? என்னைக் கேட்டா ஸ்லைடு பாக்கற வேலையைவிட இந்த வேலைதான் நாள் தாங்கும், நான் நினைக்கறது தப்பாவும் இருக்கலாம், அது அஞ்சாறு வருஷத்துல தெரிஞ்சிடும்.

விண்ணப்பத்துக்கு என்கிட்ட இல்லாதது ரெண்டு. அனாட்டமி கோர்ஸும் ஸ்டாடிஸ்டிக்ஸும். கெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி எல்லாம் எப்பவோ படிச்சது, செல்லும்னு சொல்லிட்டாங்க. அனாட்டமி சாயங்கால வகுப்புக்குப் பணம் கட்டியாச்சு, அடுத்த மாசம் ஆரம்பம். அதை முடிக்கற வரைக்கும் எதையும் முடிவு பண்ண வேண்டியதில்லைன்னு இவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், அம்மாகிட்ட இன்னும் சொல்லல. ஸ்டாடிஸ்டிக்ஸை நினைச்சாத்தான் பிரேதத்தைவிட பயமா இருக்கு.

அன்னைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி சின்ன பயாப்ஸிங்க வந்துச்சு, வரிசையா பத்துப் பன்னெண்டு குப்பி. காணாமப் போன என் மூணாவது துண்டைப் பத்தி அவங்ககிட்ட சொன்னேன். சிரிக்கல. குப்பியைத் திறந்து, மெல்லிசுப் பேப்பர்ல ஊத்தி வடிகட்டி, துண்டை எல்லாம் நடுவுல சேத்து ஈயோசின் சாயம் ஒரு சொட்டு விட்டாங்க, எல்லாம் ரோஸ் ஆயிடுச்சு, மெழுகுல கண்ணுக்குத் தெரியணுமே அதுக்கு. பேப்பரை நாலா மடிச்சாங்க, விபூதிப் பொட்டலம் மாதிரி. அதைக் கேசட்ல வெச்சு மூடினாங்க. அப்புறம் குப்பியோட மூடியைத் தலைகீழா கவுத்து லைட்டுக்கு நேரா பிடிச்சாங்க, மூடிக்குள்ள பாத்தாங்க, குப்பிக்குள்ள பாத்தாங்க, ஃபோர்செப்ஸ் நுனியைப் பாத்தாங்க. அடுத்த குப்பிக்கும் அதேதான். அதுக்கு அடுத்ததுக்கும். பன்னெண்டாவது குப்பி வரைக்கும் ஒரு மூடியைக் கூட அவங்க பாக்காம விடல, நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்.